கண்ணை மூடிக்கொண்டு ஐந்தை அழுத்தவும்

"போ! போய்த் தொலை!" என்று ஸ்டாம்ப் மாமா கணினித் திரையைப் பார்த்துக் கத்தினார்.

திரை அசைந்து கொடுக்கவில்லை. விண்ணப்பத்தின் அடியில் 'அனுப்புக' என்ற பொத்தான் சாம்பல் நிறத்தில் சோம்பேறித்தனமாகப் படுத்துக் கிடந்தது. மாமா அதை எட்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டார். ஒன்பதாவது முறை மேசையைக் குத்தினார்.

"மேசை என்ன மாமா பண்ணுச்சு, பாவம்?" என்று கேட்டாள் மிளகு.

மிளகுக்குப் பத்து வயது. ஆள் சின்னது, பேச்சில் காரம் அதிகம். அதனால் வந்த பெயர் அது. ஸ்டாம்ப் மாமாவின் பெயரும் அப்படி வந்ததுதான். அவர் 'பேசும் நூலக'த்தின் பொறுப்பாளர். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் 'டொக்' என்று ஒரு முத்திரை, அப்புறம்தான் படிப்பு. ஒருமுறை மிளகு ஆசையாக வரைந்து கொடுத்த பூனையின் நெற்றியிலும் 'பெறப்பட்டது' என்று குத்திவிட்டார்.

பேசும் நூலகத்தில் மொத்தம் மூன்று அறைகள். முதல் அறை மாமாவின் அலுவலகம். இரண்டாவது அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை ஒட்டி வைத்திருப்பார்கள், வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்க. அங்கே யாராவது ஒருவர் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்வார். பார்வையில்லாதவர்கள் அதைக் கேட்பார்கள். கதைப் புத்தகம், பாடப் புத்தகம், சமையல் புத்தகம், எல்லாம் உண்டு.

மூன்றாவது அறைதான் மிளகின் அம்மாவுடையது. அங்கே இரண்டு கணினிகள் இரவு பகலாக 'உர்ர்ர்' என்று உறுமிக்கொண்டே இருக்கும்.

அம்மா வாரத்தில் ஐந்து நாள் ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறார். சனிக்கிழமை ஆனால் இங்கே வந்துவிடுவார். இங்கே சம்பளம் கிடையாது. மத்தியானம் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு. அந்தப் பிஸ்கட்டும் பெரும்பாலும் மிளகின் வயிற்றுக்குத்தான் போகும்.

"என்ன மாமா பிரச்சினை?" என்று மிளகு திரையை எட்டிப் பார்த்தாள்.

"விருது விண்ணப்பம்மா. சேவை நிறுவனங்களுக்குச் சம்பளம் வாங்காம உதவி பண்ற கம்ப்யூட்டர்காரங்களுக்கு இந்த வருஷம் விருது குடுக்கறாங்க. உங்கம்மா பேரை எழுதியிருக்கேன். இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணியோட கடைசி. இது போக மாட்டேங்குது!"

மிளகின் இதயம் ஒரு துள்ளு துள்ளியது.

"அம்மாவுக்கா? விருதா? அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'நீங்க என்ன செஞ்சீங்கன்னு இருநூறு வார்த்தையில எழுதிக் குடுங்க'ன்னு கேட்டேன். என்ன எழுதிக் குடுத்தாங்க தெரியுமா? இதோ பாரு."

ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். அதில் அம்மாவின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'போன் வேலை செய்யும்படி பார்த்துக்கொண்டேன்.' அதன்மேல் மாமாவின் முத்திரை வேறு.

"நாலு வார்த்தைதான் இருக்கு!" என்றாள் மிளகு, எண்ணிப் பார்த்துவிட்டு.

"மிச்சம் நூத்துத் தொண்ணூத்தாறையும் நான் எழுதினேன். மண்டை காஞ்சு போச்சு."

அம்மா அப்படித்தான். அதில்தான் மிளகுக்கு வருத்தமே. போன மாதம் வகுப்பில் எல்லாரும் தங்கள் பெற்றோர் செய்யும் வேலையைப் பற்றிப் பேசினார்கள். தீயணைப்பு வீரரின் மகன் தலைக்கவசத்தோடு வந்தான். மிளகு எழுந்து, "எங்கம்மா சனிக்கிழமை சனிக்கிழமை போன் வேலை செய்யும்படி பார்த்துக்குவாங்க" என்றாள். "ஓ, போன் ரிப்பேர் கடையா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவளுக்கு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மா என்ன செய்கிறார் என்று அவளுக்கே சரியாகத் தெரியாதே!

அத்தையும் தன் பங்குக்கு விடுவதில்லை. "சம்பளமே இல்லாத ஆபீசு. அதுக்கு ஒரு நாள் லீவு போட மாட்டேங்கறா உங்கம்மா!" என்று வரும்போதெல்லாம் ஒரு குத்து குத்திவிட்டுத்தான் போவார். ஓட்டப் பந்தயத்துக்கு அம்மா தாமதமாக வந்த அன்று மிளகும் அதையே சொல்லி அழுதிருக்கிறாள். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த விருது மட்டும் கிடைத்துவிட்டால்? எல்லார் முன்னாலும் அம்மா மேடையில் நிற்பார். அம்மா என்ன செய்தார் என்று ஊருக்கே தெரியும்.

மிளகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரையை மேலிருந்து கீழாகப் படித்தாள்.

"மாமா, இங்க பாருங்க, சிவப்புல எழுதியிருக்கு. 'உருவாக்கிய சேவையின் திரைப்படம் கட்டாயம் இணைக்கப்பட வேண்டும்.' நீங்க படமே வைக்கலையே!"

"திரைப்படமா? சினிமாவா?"

"இல்ல மாமா. ஸ்கிரீன்ல தெரியறதை அப்படியே எடுக்கற போட்டோ. அது இல்லாம பொத்தான் வேலை செய்யாது."

ஸ்டாம்ப் மாமா நெற்றியில் கை வைத்தார். "அடக் கடவுளே! உங்கம்மா செஞ்சதுக்கு ஸ்கிரீனே கிடையாதே! அது போன்ல கேக்கறதும்மா!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரில் மணி மூன்றரை.

"அம்மாகிட்ட கேப்போம்" என்று எழுந்தாள் மிளகு.

"வேண்டாம், வேண்டாம். அடுத்த வாரம் பரீட்சை தொடங்குது. ஒரே நேரத்துல முந்நூறு பிள்ளைங்க கூப்பிடுவாங்கன்னு இன்னிக்கு எல்லாத்தையும் பெரிய மெஷினுக்கு மாத்திட்டிருக்காங்க. இப்போ போய்க் கூப்பிட்டா என்னை முறைப்பாங்க."

மிளகு மட்டும் மூன்றாவது அறையின் கதவை மெல்லத் திறந்து தலையை நீட்டினாள். அம்மா பென்சிலைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை ஓட விட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, விருதுக்கு ஒரு படம் வேணுமாம்."

"படம் இல்லேன்னா விடச் சொல்லு கண்ணு" என்றார் அம்மா, திரும்பாமலே. "பிள்ளைங்க பரீட்சைதான் முக்கியம். கதவைச் சாத்திட்டுப் போ."

விடுவதாவது! மிளகு மாமாவின் கேமராவை வாங்கிக்கொண்டாள். சத்தமில்லாமல் அம்மாவின் திரையை ஒரு படம் எடுத்தாள்.

மாமா அதை மூக்குக் கண்ணாடி வழியாகவும் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார். "எறும்பு ஊர்வலம் போற மாதிரி இருக்கே!"

அடுத்து மேசைமேல் இருந்த தொலைபேசியைப் படம் எடுத்தாள். "இது ஒரு போன்" என்றார் மாமா சோகமாக. "போனைக் கண்டுபிடிச்சது உங்கம்மா இல்லையே."

அப்புறம் மாமாவையே காதில் போனை வைத்துக்கொண்டு உட்காரச் சொல்லி எடுத்தாள். அதில் அவர் மளிகைக் கடையில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

நான்கே கால் ஆகிவிட்டது.

அப்போது வாசலில் 'டக், டக், டக்' என்று கோல் தட்டும் சத்தம் கேட்டது. "யார் அங்க? நாற்காலியை வழியில போட்டது யாரு? ஒழுங்கா ஓரமா நகர்த்துங்க!" என்று ஒரு அதட்டல்.

மேஜர் வந்துவிட்டாள்!

மேஜர் பட்டாளத்தில் எல்லாம் இல்லை. ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. ஆனால் யாரையும் அதட்டி வேலை வாங்குவாள், அதனால் அந்தப் பட்டம். பரீட்சைக்கு இன்னும் பதிவாகாத அறிவியல் பாடம் ஒன்றைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வந்திருந்தாள்.

மிளகு நாற்காலியை நகர்த்திவிட்டு, நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"படமா?" என்று மேஜர் சிரித்தாள். "உங்கம்மா எனக்காகச் செஞ்சதுல படத்துக்கு என்ன வேலை? ஆமா, நீ அந்த நம்பருக்கு எப்பவாவது போட்டிருக்கியா?"

மிளகு தயங்கினாள். "இல்லக்கா. எனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"மூணு வருஷமா அம்மா கூட வர்றே, ஒரு தடவைகூடப் போட்டுப் பாத்ததில்லையா? உக்காரு. அந்த மேசை போனை எடு. கண்ணை மூடு. திருட்டுத்தனமாத் திறக்கக் கூடாது, எனக்குத் தெரிஞ்சிரும்."

எப்படித் தெரியும் என்று கேட்க மிளகுக்குத் துணிச்சல் வரவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மேஜர் எண்களைச் சொல்லச் சொல்ல, தடவித் தடவி அழுத்தினாள். மூன்று முறை தப்பானது. ஒருமுறை யாரோ ஒரு பல் மருத்துவர் எடுத்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே அக்கா! எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"நடுவுல தடவிப் பாரு. ஒரு பொத்தான்ல மட்டும் சின்னதா ஒரு புள்ளி புடைச்சுக்கிட்டு இருக்கும்."

மிளகின் விரல் தேடியது. ஆமாம்! கடுகளவு ஒரு புள்ளி.

"இருக்கு! இது என்ன நம்பர்?"

"அஞ்சு. பொத்தான் வச்ச போன்ல எல்லாம் அஞ்சு மேல புள்ளி இருக்கும். உனக்குத் தெரியாது, ஏன்னா நீ பாத்துப் பாத்தே அழுத்தறே. அதை வச்சு மத்த நம்பரைக் கண்டுபிடி."

நான்காவது முறை சரியாக விழுந்தது. "வணக்கம். பேசும் நூலகம்" என்றது ஒரு குரல். "படிக்க ஐந்தை அழுத்தவும்."

மிளகு புள்ளியை அழுத்தினாள். கதை தொடங்கியது. ஒரு தீவு, ஒரு கலங்கரை விளக்கம், அதில் தனியாக இருக்கும் ஒரு வாத்து. மறுபடி ஐந்தை அழுத்தினாள். கதை நின்றது. இடது பக்கம் நான்கை அழுத்தினால் ஒரு வரி பின்னால் போனது. வலது பக்கம் ஆறை அழுத்தினால் முன்னால் போனது. எதற்குமே கண்ணைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

"இப்ப வச்சுட்டு, மறுபடி கூப்பிடு" என்றாள் மேஜர்.

கூப்பிட்டாள். ஐந்தை அழுத்தியதும், வாத்து எந்தப் படிக்கட்டில் நின்றதோ அங்கிருந்தே கதை தொடர்ந்தது.

"விட்ட இடத்தை மறக்கவே மறக்காது" என்று மேஜர் பெருமையாகச் சொன்னாள், ஏதோ தானே செய்ததுபோல. "முன்னாடி எல்லாம் சி.டி.யில போட்டுத் தபால்ல அனுப்புவாங்க. பாடம் வர்றதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிரும். உங்கம்மா முதல் நாள் என்கிட்ட வந்து, 'உனக்கு எப்படி இருந்தா சுலபம்?'னு கேட்டாங்க. நான் அப்ப நாலாவது. 'எனக்கு அஞ்சு மட்டும்தான் உடனே தெரியும் ஆன்ட்டி'ன்னு சொன்னேன். சரின்னு எல்லாத்தையும் அஞ்சைச் சுத்தியே வச்சுட்டாங்க. அதுக்காக மூணு வாரம் கண்ணைக் கட்டிக்கிட்டு அவங்களே போன் போட்டுப் பழகினாங்களாம்."

மிளகுக்கு ஞாபகம் வந்தது. அம்மா ஒரு துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருப்பார். அப்போது ஏழு வயது மிளகு, கண்ணாமூச்சி விளையாடுகிறார் என்று நினைத்து அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். அம்மா தேடியே வரமாட்டார். கோபம் கோபமாக வரும்.

எங்கம்மா இவ்வளவு பெரிய ஆளா! அம்மாவைப் பற்றி அவ்வளவு பெருமையாக இருந்தது. பெருமையை எங்கே வைப்பதென்று தெரியாமல், எழுந்து அறையை இரண்டு சுற்று சுற்றி வந்தாள்.

இரண்டாவது சுற்றில் நின்றுவிட்டாள்.

"மாமா! கறுப்பு அட்டை இருக்கா? சாக்பீஸ்?"

"எதுக்கும்மா?"

"அம்மா செஞ்சதைப் படம் எடுக்க முடியாது. கண்ணை மூடினாத்தான் புரியும். நான் இப்பத்தானே புரிஞ்சுக்கிட்டேன்? அப்ப நடுவர்களும் கண்ணை மூடட்டும்!"

அலமாரியின் மேல் ஒரு கறுப்பு அட்டை கிடைத்தது. தூசியைத் தட்டி, தரையில் விரித்து, மிளகு நாக்கைத் துருத்திக்கொண்டு பெரிய பெரிய எழுத்துகளில் எழுதினாள்.

'இதைப் பார்க்க முடியாது. கண்ணை மூடிக்கொண்டு இந்த எண்ணை அழையுங்கள். ஐந்தை அழுத்துங்கள்.'

கீழே நூலகத்தின் தொலைபேசி எண்.

"மிளகு, இது விதிமுறைக்கு ஒத்துவருமா?" என்று மாமா முகவாயைச் சொறிந்தார். "திரையோட படம்னு இல்ல கேட்டிருக்காங்க?"

"பார்வையில்லாதவங்களுக்கு இதுதான் மாமா திரை. கறுப்பாத்தானே இருக்கும்?"

"எனக்குக் கறுப்புகூடத் தெரியாது" என்றாள் மேஜர். "இருந்தாலும் பரவாயில்ல, ஒத்துக்கறேன். எழுதினது சரியா வருதான்னு யாரையாவது வச்சு சோதிச்சுப் பாரு. உங்கம்மா சோதிக்காம எதையும் வெளிய விட மாட்டாங்க."

சரியாக அந்த நேரம் அப்பா உள்ளே வந்தார். அப்பா பேருந்து ஓட்டுநர். பகல் ஷிப்ட் முடித்துவிட்டு, சீருடையோடு இவர்களை அழைத்துப்போக வந்திருந்தார்.

"அப்பா, அப்படியே நில்லுங்க! இதைப் படிங்க, அதுல சொல்ற மாதிரி செய்யுங்க!"

அப்பா நல்ல பிள்ளையாக அட்டையைப் படித்தார். சட்டைப்பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தார். கண்ணை மூடினார். வழுவழுப்பான கண்ணாடித் திரையில் விரலால் அங்கும் இங்கும் குத்தினார். காதில் வைத்தார்.

"ஹலோ" என்றது ஒரு கரகரப்புக் குரல். "என்னய்யா, இப்பத்தானே வண்டியை விட்டுட்டுப் போனே?"

அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. அழைப்பு அவருடைய டிப்போ மேலாளருக்குப் போயிருந்தது.

"ஒண்ணுமில்ல சார்... கண்ணை மூடிட்டு இருந்தேன் சார்... இல்ல சார், வண்டி ஓட்டும்போது இல்ல சார்!"

மேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிப்பை மறைக்க இரண்டு காகிதங்களுக்கு முத்திரை குத்தினார். மிளகு மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் கைப்பேசியை வாங்கித் திரையைத் தடவிப் பார்த்தாள். ஐந்துமேல் புள்ளி எங்கே? எதுவுமே இல்லை. நடுவர்கள் எல்லாரிடமும் இந்த மாதிரிக் கைப்பேசிதானே இருக்கும்!

மணி ஐந்தேகால்.

அட்டையில் இருந்ததை எல்லாம் துடைத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். மீண்டும் எழுதி, கீழே நூலகத்தின் எண்ணையும் போட்டாள்.

'இதைப் பார்க்க முடியாது. பொத்தான் வைத்த மேசைத் தொலைபேசியில் இந்த எண்ணை அழையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நடுவில் புள்ளி உள்ள பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்துங்கள். அது ஐந்து. பார்வையில்லாத ஒருத்தி அதுதான் சுலபம் என்று சொன்னதால், எங்கள் அம்மா எல்லாவற்றையும் அதைச் சுற்றியே வைத்தார்.'

அப்பாவை மேசைத் தொலைபேசியின் முன்னால் உட்கார வைத்தார்கள். இந்த முறை எதுவும் தப்பவில்லை. வாத்துக் கதை தொடங்கியது. அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை. ஐந்து நிமிடம் ஆனது.

"போதும்பா, எந்திரிங்க!"

"இரு, இரு. வாத்து விளக்கை ஏத்துச்சா இல்லையான்னு தெரியட்டும்."

மாமா அட்டையை வாங்கினார். பழக்கதோஷம், 'டொக்' என்று ஒரு முத்திரை குத்தினார். கறுப்பு அட்டையில் நீல மை, குத்தியதே தெரியவில்லை. அட்டையைப் படம் எடுத்தார்கள். கணினியில் ஏற்றினார்கள். சாம்பல் நிறப் பொத்தான் பளிச்சென்று பச்சையானது.

"நீயே அழுத்தும்மா" என்றார் மாமா.

ஐந்தே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. ஆறு மணிக்கு அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "அப்பாடா! பெரிய மெஷின் ஓடுது. முந்நூறு என்ன, ஐந்நூறு பேர் கூப்பிட்டாலும் தாங்கும்" என்று சோம்பல் முறித்தார். மிளகு ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன, திடீர்னு பாசம்?"

"சும்மாதான்மா. அடுத்த சனிக்கிழமையும் வருவோம்ல?"

மூன்று வாரம் கழித்து ஸ்டாம்ப் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கடிதம். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"கிடைச்சிருச்சு! நடுவர் குழுவில இருக்கறவர் போன்ல சொன்னார். முதல்ல படத்தைப் பாத்துட்டு, 'இது என்ன கரும்பலகை'ன்னு ஓரமா வைக்கப் போனாங்களாம். ஒருத்தர் மட்டும், 'செஞ்சுதான் பாப்போமே'ன்னு மேசை போனை எடுத்திருக்கார். அப்புறம் மூணு பேரும் ஸ்பீக்கரைப் போட்டு, கண்ணை மூடிட்டு உக்காந்துட்டாங்க. டீ கொண்டுபோன ஆள், எல்லாரும் தூங்கறாங்கன்னு திரும்பிப் போயிட்டாராம்!"

அம்மா மிளகைப் பார்த்தார். "கரும்பலகையா? என்ன கரும்பலகை?"

மிளகு தரையைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

விழா மண்டபத்தில் நானூறு பேர் இருந்தார்கள். விருது வாங்கும் ஒவ்வொருவரும் மேடைக்குப் போகும்போது, அவர் செய்தது பின்னால் பெரிய திரையில் தெரிந்தது. இரத்தம் தேவைப்படுவோருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத்தை ஒருவர் செய்திருந்தார். கைவிடப்பட்ட நாய்களுக்கு வீடு தேடித்தரும் இணையதளத்தை இரண்டு தோழிகள் செய்திருந்தார்கள். ஒவ்வொரு நாயும் ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. எல்லாருமே ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் இதைச் செய்தவர்கள். மிளகு எல்லாருக்கும் கை வலிக்கத் தட்டினாள்.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா கொண்டையிலிருந்து பென்சிலை எடுக்க மறந்து, அப்படியே மேடை ஏறினார்.

திரை அணைந்தது. மண்டபத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். மேடையில் மட்டும் ஒரு சிறிய வெளிச்சம் இருந்தது.

"இவர் செய்ததைக் காட்ட எங்களிடம் படம் இல்லை" என்றார் அறிவிப்பாளர். "எல்லாரும் தயவுசெய்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள்."

'டக், டக், டக்' என்று கோல் சத்தம் கேட்டது. மேஜர் மேடைக்கு நடந்து வந்தாள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு தொலைபேசி. மேஜர் நூலகத்தை அழைத்து, தன் உறுப்பினர் எண்ணைப் பதிந்துவிட்டு, புள்ளியைத் தொட்டாள்.

"...அங்கிருந்து செரிக்காத உணவு பெருங்குடலைச் சென்றடைகிறது" என்று ஒலிபெருக்கி கணீரென்று சொன்னது.

ஒரு நொடி யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு இருட்டில் நானூறு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க!" என்று மேஜர் ஒலிவாங்கியில் அதட்டினாள். "நேத்து ராத்திரி நான் தூங்கிப்போன இடம் அதுதான். பாத்தீங்களா, அது மறக்கவே இல்ல! இந்த மாதிரி எங்க எல்லாருக்கும் தனித்தனியா ஞாபகம் வச்சிருக்கும். போன பரீட்சையில முந்நூறு பேர் இதைக் கேட்டுத்தான் எழுதினோம். நான் அறிவியல்ல முதல் மார்க்!"

சிரிப்பு அப்படியே கைத்தட்டலாக மாறியது. அது நிற்க ரொம்ப நேரம் ஆனது. நின்றதும் மேஜர் கதைப் பக்கத்துக்கு மாற்றினாள். கடல் சத்தத்தோடு வாத்துக் கதை தொடங்கியது. மண்டபம் முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டது.

மிளகால் மட்டும் முடியவில்லை. ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இரண்டையும் திறந்துவிட்டாள். வரிசை வரிசையாகப் பெரியவர்கள் குழந்தைகள்போல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். மேடையின் சிறிய வெளிச்சத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவரும் கண்ணை மூடவில்லை. கூட்டத்துக்குள் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். மிளகு கையை உயர்த்தி ஆட்டினாள். அம்மா கண்டுபிடித்துவிட்டார். விருதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார், கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

மிளகுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். வலது பக்கம் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் சாய்ந்து, "அதோ நிக்கறாங்களே, அது எங்கம்மா" என்றாள்.

"உஷ்! கதையைக் கேக்க விடும்மா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

மிளகு ஒரு நொடி பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. இடது பக்கம் திரும்பி, அப்பாவின் காதோரம் போய், "அது எங்கம்மா" என்றாள்.

"தெரியும்டா" என்று அப்பா மூக்கை உறிஞ்சினார். "எனக்கும் அவங்களைக் கொஞ்சம் பழக்கம்தான்."